அந்தமானுக்குப் போகிறவர்கள் கேட்டவை: வாசகர் கேள்வி – பதில்

அரையாண்டு விடுமுறை நெருங்குவதால் இம்மாதக் கடிதங்களில் பெரும்பாலானவை அந்தமானைப் பற்றியே இருந்தன. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். பெயர்களைப் பற்றி முதலில் ஒரு குறிப்பு. ஹேவ்லாக் தீவு ஸ்வராஜ் தீவு என்றும், நீல் தீவு ஷஹீத் தீவு என்றும், ராஸ் தீவு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்றும் 2018 டிசம்பரில் மாற்றப்பட்டன. தலைநகர் போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. பயணச்சீட்டில் புதிய பெயரும் வண்டி ஓட்டுபவரின் பேச்சில் பழைய பெயரும் வரும் என்பதால் இரண்டையும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. குழப்பம் வேண்டாம் என்பதற்காக இங்கே பழைய பெயர்களையே எழுதுகிறேன்.

கேள்வி: நான், என் மனைவி, 8 வயதிலும் 12 வயதிலும் இரு பிள்ளைகள், 71 வயதான என் தாயார் ஆகிய ஐவரும் டிசம்பர் கடைசி வாரத்தில் ஆறு நாள் அந்தமான் செல்கிறோம். பயண முகவர் கொடுத்த நிரலில் பதினாறு இடங்கள் இருக்கின்றன. எவற்றை வைத்துக்கொள்வது, எவற்றை விடுவது?
– திருச்சி வாசகர்

பதில்: பாதியை இப்போதே அடித்துவிடலாம். ஓர் இடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் நடுவே கடல் இருக்கிறது என்பது இத்தகைய நிரல்களைப் பார்த்தால் தெரிவதில்லை. போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக்குக்கு விரைவுப் படகில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் என்று எழுதியிருப்பார்கள், அது உண்மைதான். ஆனால் அதற்கு முன்னால் விடுதியைக் காலி செய்து, பெட்டிகளை வண்டியில் ஏற்றி, படகு புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே துறையில் வரிசையில் நின்று, சோதனை முடித்து ஏறி, அக்கரையில் இறங்கி மறுபடியும் வண்டி பிடித்து, அறை தயாராகும்வரை காத்திருப்பதற்குள் அரை நாள் கழிந்துவிடும். ஆகவே எத்தனை இடங்கள் என்று எண்ணுவதை விட்டுவிட்டு, எத்தனை முறை படகேறுகிறோம் என்று எண்ணித் திட்டமிடுவதே அந்தமானுக்குப் பொருந்தும். உங்களுக்கு மூன்று முறை போதும்: போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக், அங்கிருந்து நீல், நீலிலிருந்து மீண்டும் போர்ட் பிளேர்.

முதல் நாள் விமானம் இறங்கியதும் பிற்பகலில் செல்லுலார் சிறையை மட்டும் பாருங்கள். மாலையில் அங்கேயே நடக்கும் ஒலி – ஒளிக் காட்சியையும் பார்த்துவிடலாம். இரண்டாம் நாள் காலைப் படகில் ஹேவ்லாக், மாலையில் ராதாநகர் கடற்கரை. மூன்றாம் நாள் பிள்ளைகளுக்காக எலிஃபன்ட் கடற்கரை. அங்கே போகும் சிறு விரைவுப் படகு அலையில் தூக்கித் தூக்கிப் போடும். இடுப்புவலியோ மூட்டுவலியோ உள்ளவர்களுக்கு அது ஆகாது. எனவே உங்கள் தாயாருடன் ஒருவர் தங்கி, சாலையோரத்திலேயே இருக்கும் காலாபத்தர் கடற்கரைக்கு அவரை அழைத்துச் செல்லலாம். நான்காம் நாள் நீல் தீவில் தங்கி, ஐந்தாம் நாள் மாலைக்குள் எப்படியும் போர்ட் பிளேர் திரும்பிவிட வேண்டும். ஆறாம் நாள் விமானம் மதியத்துக்கு மேல் என்றால் காலையில் ராஸ் தீவைப் பார்க்கலாம். அங்கே முதியோருக்கு மின்கல வண்டிகள் இருக்கின்றன.

ராஸ் தீவைக் கடைசிக்குத் தள்ளியதற்குக் காரணம் உண்டு. காற்று வீசிப் படகு ரத்தானால் நீங்கள் இழப்பது அந்த ஒரு காலையாக மட்டுமே இருக்க வேண்டும். விமானமாக இருக்கக் கூடாது. நீலிலிருந்து காலைப் படகில் வந்து அன்றே பிற்பகல் விமானத்தைப் பிடிக்கலாம் என்று எந்த முகவர் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். பாராடாங், டிக்லிப்பூர், நார்த் பே நீர்விளையாட்டு ஆகியவற்றை இந்தப் பயணத்தில் விட்டுவிடலாம்.

கேள்வி: சென்ற ஆண்டு என் மைத்துனர் குடும்பம் சூரிய அஸ்தமனம் பார்க்க ஆறு மணிக்கு ராதாநகர் கடற்கரைக்குச் சென்றபோது முழுதும் இருட்டிவிட்டதாம். நம் நாட்டுக்குள் இருக்கும் இடத்தில் இவ்வளவு வேறுபாடு எப்படி?
– நாகர்கோவில் வாசகி

பதில்: இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அந்தமான் ஏறத்தாழ 92.7 பாகையில் இருக்கிறது. பாகைக்கு நான்கு நிமிடம் என்று கணக்கிட்டால், அங்கே சூரியன் நம் கடிகாரத்துக்கு 40 நிமிடம் முந்தி நடக்கிறது. சென்னையோடு ஒப்பிட்டால் வேறுபாடு 50 நிமிடம். அதனால் டிசம்பரில் காலை ஐந்தரை மணி சுமாருக்கே உதயம், மாலை ஐந்து மணியளவில் அஸ்தமனம். கோடையிலும் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும்.

ராதாநகர் மேற்குப் பார்த்த கடற்கரை. படகுத்துறையிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர். டிசம்பரில் மூன்றரை மணிக்கே அங்கே இருந்தால் குளிக்கவும் நடக்கவும் நேரம் கிடைக்கும். இருட்டியதும் கடற்கரையை விட்டுக் கிளம்பச் சொல்லிவிடுவார்கள். திரும்பும் சாலையிலும் வெளிச்சம் குறைவு என்பதால் வாடகை ஸ்கூட்டரில் செல்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். காலாபத்தர் கிழக்குப் பார்த்தது. அங்கே உதயம் பார்க்க நான்கே முக்காலுக்கு எழுந்தால்தான் சரிப்படும். ஊரில் ஏழு மணிக்கு எழும் வழக்கத்தை அங்கேயும் வைத்துக்கொண்டால் பகலில் இரண்டு மணி நேரத்தை அறைக்குள்ளேயே தொலைத்துவிடுவோம்.

கேள்வி: நீல் தீவில் இயற்கையாகவே அமைந்த பாறைப் பாலம் ஒன்று இருக்கிறது என்று படத்தில் பார்த்துவிட்டுப் போன நண்பர்கள், வெறும் தண்ணீரைத்தான் பார்த்தோம் என்று ஏமாற்றத்துடன் திரும்பினார்கள். எப்போது போனால் அதைச் சரியாகப் பார்க்கலாம்?
– ஈரோடு வாசகர்

பதில்: கடல் வற்றும் நேரத்தில். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் ஆகிறது. நடுவில் ஒரு வற்றம். ஆகையால் வற்றத்தின் நேரம் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிக்கொண்டே போகும். உங்கள் நண்பர்கள் இதைக் கேட்டுக்கொள்ளாமல், வண்டிக்காரர் அழைத்துச் சென்ற நேரத்துக்குப் போயிருப்பார்கள். விடுதியிலோ படகுத்துறையிலோ அன்றைய வற்ற நேரத்தை முதல் நாளே கேட்டு, அதற்கு ஒரு மணி நேரம் முன்பாக லக்‌ஷ்மண்பூர் இரண்டாம் எண் கடற்கரையில் இறங்குங்கள். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் நீர் மிகவும் கீழே இறங்கும்.

அந்தக் கரையில் பாலத்தைவிட அதற்குப் போகும் வழியே எனக்குப் பெரிதாகப் படுகிறது. நீர் இறங்கியபின் பழைய பவளப்பாறைத் தரை முழுதும் வெளிப்பட்டு, அதன் குழிகளில் கணுக்கால் அளவு தண்ணீர் தங்கியிருக்கும். அசையாமல் ஒரு குழியின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்தால், முதலில் ஒன்றும் தெரியாது. சற்று நேரத்தில் கல் என்று நினைத்தது நகரும். அது கடல் அட்டை. விரல் நீளத்தில் கோடு போட்ட மீன்கள் பிளவிலிருந்து தலைநீட்டும். நீல விளிம்புடைய பெரிய சிப்பி ஒன்று, நம் நிழல் விழுந்ததும் வாயைச் சுருக்கிக்கொள்ளும். உள்ளூர் வழிகாட்டிகள் சிறு கட்டணத்துக்கு இவற்றைக் காட்டுகிறார்கள்; அவர்களில் சிலர் பார்வையாளர்களுக்காகக் கடல் அட்டையைக் கையில் எடுத்துக் காட்டுவார்கள். எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பாறை கூர்மையானது, பாசி வழுக்கும். பின்பக்கம் பட்டையுள்ள செருப்பு இல்லாமல் இறங்கக் கூடாது. முதியவர்களுக்கு இந்த நடை உகந்ததன்று.

இதே ஓதக் கணக்கு, அதே தீவின் பரத்பூர் கடற்கரைக்கு நேர்மாறாகப் பொருந்தும். அங்கே கண்ணாடி அடிப் படகுகளும் முகக்கண்ணாடி அணிந்து நீந்துவதும் நீர் ஏறியிருக்கும்போதுதான் நன்றாக அமையும். வற்றத்தில் படகு கரைக்கு அருகே வர முடியாமல் நெடுந்தூரம் நடக்க வைப்பார்கள். ஆகவே காலையில் வற்றம் என்றால் முதலில் பாலம், பிறகு பரத்பூர். காலையில் ஏற்றம் என்றால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். தீவு மிகச் சிறியது, மிதிவண்டியிலேயே சுற்றிவிடலாம் என்பதால் மாற்றுவதில் சிரமம் இல்லை.

கேள்வி: பாராடாங் சுண்ணாம்புக் குகைகளுக்குப் போகும் வழியில் ஜாரவா பழங்குடியினரைப் பார்க்கலாம் என்று முகவர் சொல்கிறார். குழந்தைகளுக்கு நல்ல அனுபவமாக இருக்கும் அல்லவா?
– சேலம் வாசகர்

பதில்: அந்த முகவரை மாற்றுங்கள். ஜாரவா மக்களைக் காட்டுவதாகச் சொல்லி வண்டி பேசுவது சட்டத்துக்கு விரோதமானது. அதைவிட, மனிதர்களை வேடிக்கைப் பொருளாக்குவது.

பாராடாங் போர்ட் பிளேரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் வடக்கே உள்ளது. ஜிர்காடாங் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் சாலை ஜாரவாக்களின் காப்பு நிலத்துக்குள் நுழைகிறது. அங்கே வாகனங்கள் குறிப்பிட்ட நேரங்களில் மட்டும், வரிசையாக, காவலர் வண்டியுடன் அனுப்பப்படும். வழியில் நிறுத்தக் கூடாது, முந்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, உணவோ வேறெதுவோ கொடுக்கக் கூடாது. 1956ஆம் ஆண்டுப் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் கீழ் இவை தண்டனைக்குரியவை. 2012இல் தண்டனை மேலும் கடுமையாக்கப்பட்டது. சில நூறு பேரே உள்ள அந்த மக்கள் 1990களின் பிற்பகுதியில்தான் வெளியாருடன் தொடர்புக்கு வந்தார்கள்; அதன் பிறகு தட்டம்மை போன்ற நோய்கள் அவர்களிடையே பரவின. நமக்குச் சாதாரணமான காய்ச்சலே அவர்களுக்கு ஆபத்தாகலாம். அவர்களது நிலத்தின் வழியே செல்லும் இந்தச் சாலைப் பகுதியை மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002இலேயே உத்தரவிட்டது. சாலை இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

குகைகளைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். முதல் வரிசையில் இடம்பிடிக்க அதிகாலை மூன்று மணி வாக்கில் புறப்பட வேண்டும். காட்டுச் சாலை முடிந்ததும் மிடில் ஸ்ட்ரெய்ட் நீரிணையை வாகனப் படகில் கடந்து, அக்கரையிலிருந்து சிறு படகில் சதுப்புநிலக் காட்டுக் கால்வாய் வழியாகச் சென்று, பிறகு ஒன்றரைக் கிலோமீட்டர் நடக்க வேண்டும். இரு பக்கமும் மரங்கள் கவிந்து நிற்க, வேர்கள் நீருக்கு மேல் வளைந்து நிற்கும் அந்தப் படகுப் பாதை உண்மையிலேயே அழகானது. குகையும் பார்க்கத் தக்கதுதான். அருகில் உள்ள சேற்று எரிமலை என்பதோ, அடுப்பில்லாமலே கூழ்ப்பானையில் குமிழி வருவது போல இருக்கும். எரிமலை என்ற பெயரைக் கேட்டு எதிர்பார்ப்போடு போகும் பிள்ளைகள் முகம் வாடிவிடுகிறார்கள். மாலையில் திரும்பும்போது அதே காட்டுச் சாலையில் மறுபடியும் வரிசை. சதுப்புநிலக் காட்டைப் பார்ப்பதுதான் ஆசை என்றால் ஹேவ்லாக்கிலேயே துடுப்புப் படகில் அழைத்துச் செல்கிறார்கள். யாருடைய வீட்டு வாசலையும் கடக்க வேண்டியதில்லை. நான் பாராடாங்கைப் பரிந்துரைப்பதில்லை.

கேள்வி: எனக்கு 54 வயது, நீச்சல் தெரியாது. ஆனாலும் பவளப்பாறைகளை ஒரு முறையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. என் மகள் ஸ்கூபா செய்யலாம் என்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. வேறு வழி உண்டா?
– கோவை வாசகி

பதில்: உங்கள் ஆசை நியாயமானது; நீச்சல் தெரியாததால் அது தடைபட வேண்டியதில்லை. முகக்கண்ணாடியும் மூச்சுக் குழாயும் அணிந்து மேற்பரப்பில் மிதப்பதே உங்களுக்கு ஏற்றது. எலிஃபன்ட் கடற்கரையில் மிதவைச் சட்டை போட்டு, ரப்பர் வளையத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, உதவியாளர் ஒருவர் இழுத்துச் செல்வார். அவசரப்படாமல் முதலில் இடுப்பளவு நீரில் நின்றபடியே முகத்தை மட்டும் நீரில் அமிழ்த்தி, வாயால் மூச்சு விடப் பழகுங்கள். பெரும்பாலோருக்குச் சிக்கல் அங்கேதான். மூக்கால் மூச்சிழுக்க முடியாததால் பதற்றம் வந்து குழாயைத் துப்பிவிடுகிறார்கள். ஐந்து நிமிடம் பழகிவிட்டால் அச்சம் தானே விலகும். கூட்டம் சேர்வதற்குமுன், காலை முதல் படகில் போனால் நீரும் கலங்காமல் இருக்கும், உதவியாளருக்கும் உங்களுக்காகப் பொறுமை இருக்கும்.

எதைப் பார்ப்பீர்கள் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 2010இல் கடல்நீர் சூடேறியதால் அந்தமான் பவளங்களில் பெரும்பகுதி வெளுத்துப்போயிற்று; ஆழம் குறைந்த இடங்களில் அதன் தழும்பு இன்னும் இருக்கிறது. விளம்பரப் படங்களில் வரும் வண்ணங்களை எதிர்பார்க்க வேண்டாம். பழுப்பு நிறப் பாறைகளும் அவற்றின் இடையே எண்ணற்ற மீன்களும்தான் கண்ணில் படும். மீன்களே போதும் என்று தோன்றிவிடும். பவளம் இன்னும் நன்றாகப் பார்க்க வேண்டும் என்றால், போர்ட் பிளேரிலிருந்து வண்டூர் வழியாகச் செல்லும் ஜாலி பாய் தீவு மேலானது. அது 1983இல் அறிவிக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. வனத்துறை அனுமதி வேண்டும். பிளாஸ்டிக் கொண்டுசெல்லத் தடை என்பதால் பையைச் சோதிப்பார்கள். தீவில் கடையோ விடுதியோ கிடையாது. மழைக்காலத்தில் அது மூடப்பட்டு ரெட் ஸ்கின் தீவு திறக்கப்படும்.

உங்கள் மகளுக்கு ஒரு சொல்: தொடக்கநிலை ஸ்கூபாவில் பயிற்றுநர் கூடவே இருப்பார், 12 மீட்டருக்குக் கீழே அழைத்துச் செல்ல மாட்டார், நீச்சலும் கட்டாயமில்லை. ஆனால் இதயநோய், ஆஸ்துமா, காதுக்கோளாறு, சளி இருந்தால் இறங்கக் கூடாது. அவர்கள் தரும் உடல்நலப் படிவத்தில் உண்மையை எழுத வேண்டும். மூழ்கிய பிறகு 18 முதல் 24 மணி நேரம் வரை விமானத்தில் ஏறவும் கூடாது; உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற அவ்வளவு நேரம் வேண்டும். எனவே இதைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: அரசுப் படகா, தனியார் படகா? கடலில் எனக்குக் குமட்டல் வரும். சென்னையிலிருந்து கப்பலிலேயே போய்விடலாமா என்றும் யோசிக்கிறேன்.
– மயிலாடுதுறை வாசகர், பணி ஓய்வு பெற்றவர்

பதில்: தனியார் விரைவுப் படகுகள் குளிரூட்டிய மூடிய அறை, வேகம் அதிகம், வசதி அதிகம், ஆனால் வழியில் வெளியே வந்து நிற்க இடம் இல்லாதவையே பல. அரசுப் படகு ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் எடுத்துக்கொள்ளும், கட்டணம் மிகக் குறைவு, மேல்தளத்தில் காற்றோட்டமாக நிற்கலாம். குமட்டல் உள்ளவர்களுக்குத் தொடுவானத்தைப் பார்த்தபடி நிற்பதே பாதி மருந்து. அரசுப் படகில் உள்ளூர் மக்களுக்கு முன்னுரிமை என்பதால் இருக்கை கிடைப்பது உறுதியில்லை. எதில் போனாலும் மருத்துவரைக் கேட்டு மாத்திரையை அரை மணி முன்பே போட்டுக்கொண்டு, படகின் நடுப்பகுதியில் உட்காருங்கள்.

ரத்தாவதைப் பற்றி எச்சரிக்கை செய்யாமல் இருக்க முடியாது. 2016 டிசம்பரில் புயல் சின்னம் காரணமாகப் படகுகள் நின்றுபோய், ஹேவ்லாக், நீல் தீவுகளில் ஏறத்தாழ 1,400 சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். அவர்களை மீட்கக் கடற்படைக் கப்பல்கள் சென்றன. அக்டோபர் முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை வங்கக்கடலில் தாழ்வுநிலை உருவாகும் காலம். வேலை, தேர்வு என்ற நெருக்கடி உள்ளவர்களுக்கு ஜனவரி முதல் ஏப்ரல் வரையான காலம் மனநிம்மதி தரும்.

சென்னைக் கப்பல் ஏறத்தாழ மூன்று நாள் பயணம். பங்க் எனப்படும் பொதுப் படுக்கைக் கூடம் முதல் தனி அறை வரை வகுப்புகள் உண்டு. நிலையான கால அட்டவணை கிடையாது. மாதத்துக்குச் சில முறையே கப்பல் இருக்கும், தேதி மாறவும் கூடும். நேரமும் பொறுமையும் உள்ள உங்களைப் போன்றவர்களுக்கு அது ஒரு தனி அனுபவம்தான்; ஆனால் குமட்டல் வரும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். போகும்போது விமானம், கடல் ஒத்துக்கொள்கிறது என்று தெரிந்தால் திரும்பும்போது கப்பல் என்று வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: என் மாமியார் வெங்காயம் பூண்டுகூடச் சேர்க்காதவர். அவருக்குத் தமிழைத் தவிர வேறு மொழியும் தெரியாது. சமாளிக்க முடியுமா?
– கும்பகோணம் வாசகி

பதில்: போர்ட் பிளேரில் கவலையே வேண்டாம். தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழும் ஊர் அது. கடைத்தெருவில் தமிழ் காதில் விழுந்துகொண்டே இருக்கும், இட்லி தோசைக் கடைகள் இருக்கின்றன, வெற்றிமலை முருகன் கோயிலும் இருக்கிறது. ஹேவ்லாக்கிலும் நீலிலும் குடியேறிய வங்காளிகளே பெரும்பாலோர். உணவகங்களில் மீன்தான் முதன்மை. சைவச் சாப்பாடு கிடைக்கும், வெங்காயம் பூண்டு இல்லாமல் வேண்டும் என்றால் விடுதியில் முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். அவல், பொடி, சிறு மின்கெண்டி ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: கடற்கரைகளில் எங்கள் குழுவுக்கு அதிக நாட்டம் இல்லை. நாங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். வரலாற்று இடங்களை மட்டும் பார்க்க விரும்புகிறோம். போர்ட் பிளேரில் இரண்டு நாளை எப்படிச் செலவிடலாம்?
– மதுரை வாசகர்

பதில்: இரண்டு நாள் தாராளமாகப் போதும். செல்லுலார் சிறையில் அரை நாளாவது செலவிடுங்கள். 1896இல் தொடங்கி 1906இல் முடிந்த அந்தக் கட்டடம், நடுவில் ஒரு காவல் கோபுரமும் அதிலிருந்து பிரியும் ஏழு சிறகுகளுமாக இருந்தது. ஒரு சிறகின் முன்புறம் அடுத்த சிறகின் முதுகைப் பார்த்திருக்கும்படி கட்டியிருந்ததால் எந்தக் கைதியும் இன்னொரு கைதியின் முகத்தைப் பார்க்க முடியாது. இன்று மூன்று சிறகுகளே எஞ்சியிருக்கின்றன; இடிக்கப்பட்ட பகுதியில் மருத்துவமனை ஒன்று இயங்குகிறது. கூட்டம் மாடிக்கு விரையும். நீங்கள் ஓர் அறைக்குள் சென்று வெளிப்பக்கத் தாழ்ப்பாளைக் கவனியுங்கள். அது கதவில் இல்லை; சுவரைக் குடைந்து, கம்பிக்குள்ளிருந்து கை நீட்டினாலும் எட்டாத தொலைவில் பதிக்கப்பட்டிருக்கிறது. கட்டியவர்களின் மனம் எப்படிப்பட்டது என்பது அந்த ஒரு துளையிலேயே தெரியும். செக்கிழுத்த கொட்டகையும் தூக்குமேடையும் கீழே முற்றத்தில் இருக்கின்றன.

மறுநாள் காலை ராஸ் தீவு. அபர்தீன் படகுத்துறையிலிருந்து கால் மணி நேரப் பயணம். 1858 முதல் ஆங்கிலேயரின் தலைமையிடமாக இருந்த தீவு அது. தேவாலயம், ரொட்டி சுடும் கூடம், நீச்சல் குளம் என்று அவர்கள் அமைத்துக்கொண்ட சொகுசெல்லாம் எதிர்க்கரையில் சிறையிருந்தவர்களின் உழைப்பு. 1941 ஜூனில் நிலநடுக்கம், 1942 மார்ச்சில் ஜப்பானியர் வருகை; அத்துடன் அந்த வாழ்வு முடிந்தது. இப்போது ஆல், அரச மரங்களின் வேர்கள் சுவர்களைக் கவ்விக்கொண்டு நிற்க, புள்ளிமான்கள் உள்ளே மேய்கின்றன. அவற்றுக்குத் தின்பண்டம் கொடுக்க வேண்டாம்.

பிற்பகலில் 1883இல் தொடங்கிய சாத்தம் மர அறுவை ஆலையைப் பாருங்கள். ஜப்பானியக் குண்டு விழுந்த பள்ளம் அங்கே காட்டப்படுகிறது. நேரம் இருந்தால் மவுண்ட் ஹாரியட் மலை. 1891இல் ஆங்கிலேயருடன் நடந்த போருக்குப் பிறகு மணிப்பூர் மன்னர் குலச்சந்திர சிங்கும் மற்றவர்களும் நாடுகடத்தப்பட்டு வைக்கப்பட்ட இடம் என்பதால் 2021இல் அதற்கு மவுண்ட் மணிப்பூர் என்று பெயரிட்டார்கள். பழைய செந்நிற இருபது ரூபாய் நோட்டு யாரிடமாவது இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். அதன் பின்பக்கத்தில் உள்ளவை இந்த மலையும் நார்த் பே கலங்கரை விளக்கமும்தான்.

கேள்வி: கடற்கரையில் கிடக்கும் சிப்பி, பவளத் துண்டுகளைப் பிள்ளைகள் நினைவுக்காக எடுத்துவரலாமா?
– விருதுநகர் வாசகி

பதில்: கூடாது. பவளம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பாதுகாக்கப்பட்டது; செத்த துண்டுக்கும் இது பொருந்தும். விமான நிலையச் சோதனையில் பறிமுதல் செய்வார்கள். சிப்பி வேலைப்பாடு வேண்டும் என்றால் அரசு அங்கீகாரம் பெற்ற கடையில் வாங்கி, ரசீதைப் பெட்டியிலேயே வையுங்கள்.

கேள்வி: அந்தமான் கடலில் முதலைகள் உண்டு என்கிறார்களே, குளிப்பது பாதுகாப்பானதா?
– தஞ்சாவூர் வாசகர்

பதில்: உவர்நீர் முதலைகள் உண்டு, மிகைப்படுத்தவும் வேண்டாம், சிரித்து ஒதுக்கவும் வேண்டாம். 2010இல் ராதாநகரை ஒட்டிய சிறு வளைகுடாவில் அமெரிக்கப் பயணி ஒருவர் முதலைக்கு இரையானார். அவை வாழ்வது சதுப்புநிலக் கால்வாய்களிலும் முகத்துவாரங்களிலும். அங்கிருந்து கடலுக்குள்ளும் வரும். ஆகவே கால்வாய் கடலில் கலக்கும் இடத்தில் இறங்காதீர்கள், விடியலுக்கு முன்பும் அந்தி சாய்ந்த பிறகும் குளிக்காதீர்கள், உயிர்காப்போர் நிற்கும் பகுதியைத் தாண்டாதீர்கள். சில கடற்கரைகளில் வலையிட்டுப் பகுதி பிரித்திருக்கிறார்கள், அதற்குள்ளேயே குளியுங்கள். எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் படம் எடுத்துக்கொள்வதற்காகக்கூட நீரில் கால் வைக்க வேண்டாம்.

கேள்வி: ஹேவ்லாக், நீல், போர்ட் பிளேர் மூன்றையும் ஏற்கெனவே பார்த்துவிட்டோம். இரண்டாம் முறை போனால் எங்கே செல்லலாம்?
– புதுச்சேரி வாசகர்

பதில்: வடக்கு அந்தமானில் டிக்லிப்பூர். போர்ட் பிளேரிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல் என்பதால் ஒரே நாளில் போய்வரும் இடமன்று. மூன்று இரவாவது தங்க வேண்டும். ராஸ், ஸ்மித் என்ற இரு சிறு தீவுகளை ஒரு வெண்மணல் திட்டு இணைக்கிறது. நீர் வற்றியிருக்கும்போது ஒரு தீவிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போகலாம். இந்த ராஸ் வேறு, போர்ட் பிளேர் எதிரே உள்ள ராஸ் வேறு, முன்பதிவின்போது கவனியுங்கள். அந்தமானின் மிக உயரமான சாடில் பீக் சிகரமும் (732 மீட்டர்), குளிர்காலத்தில் ஆமைகள் முட்டையிட வரும் காலிப்பூர் கடற்கரையும் அருகிலேயே இருக்கின்றன. விடுதிகள் குறைவு, எளிமையானவை. பண இயந்திரத்தை நம்பாமல் கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். பேருந்து வழி ஜாரவாக் காப்பு நிலத்தின் வழியாகவே செல்கிறது. அதைத் தவிர்க்க விரும்புவோர், டிக்லிப்பூரின் துறைமுகமான ஏரியல் பேவுக்கு அரசுக் கப்பல் செல்லும் நாளை போர்ட் பிளேர் ஃபீனிக்ஸ் பே சீட்டு அலுவலகத்தில் விசாரித்து, மற்ற ஏற்பாடுகளை அந்தத் தேதிக்கேற்ப அமைத்துக்கொள்ளலாம்.